இராசராசேச்சரத்துச் சுவர்ச்சாந்தும் அளவை நெறியும்

சைவ சித்தாந்த நூல்கள் பொருளுண்மை அறிதற்குக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்று அளவைகளைக் கொள்ளும். மெய்ப்பொருள் ஆராய்ச்சிக்கு அமைந்த இந்நெறி வரலாற்றாராய்ச்சிக்கும் ஒத்ததேயாம். தஞ்சைப் பெருங்கோயிற் சுவரிற் பூசப்பெற்ற சுண்ணச்சாந்து இவ்வளவைகளால் ஆராயப்பட்டுச் சைவ வரலாற்றுக்குச் சான்றாய் நின்றவாறு ஈண்டுக் கூறப்படும்.

முதலாம் இராசராச சோழர் (985–1014) எடுப்பித்த இராசராசேச்சரம் 1010-ஆம் ஆண்டில் நிறைவெய்திற்று. அதன் கருவறையைச் சூழ இரு சுவர்களுக்கிடையே இருண்டதோர் உட்சுற்று உளது. அங்குக் கண்ணுக்குப் புலனாயிருந்தவை நாயக்கர் காலத்து ஓவியங்கள். 1931-ஆம் ஆண்டில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எஸ். கே. கோவிந்தசாமி அவர்கள், அவற்றின் சாந்து பெயர்ந்த இடங்களில் அடியிலே வேறோர் ஓவியத்தொகுதி மறைந்திருத்தலைக் கண்டு உலகிற்கு அறிவித்தனர். ஆலமர் செல்வர் திருக்கோலம், திரிபுரமெரித்த விரிசடைக் கடவுள், இறைவன் முதியவராய் வந்து சுந்தரமூர்த்தி சுவாமிகளைத் தடுத்தாட்கொண்ட வரலாறு, சுவாமிகள் வெள்ளையானை மீதும் சேரமான் பெருமாள் குதிரை மீதும் திருக்கயிலைக்குச் செல்லுங் காட்சி ஆகியன அங்கு விளங்கின.

இவ்வோவியங்களின் காலத்தைத் துணிதல் சைவர்க்கு இன்றியமையாதது. என்னை? சேக்கிழார் சுவாமிகள் திருத்தொண்டர் புராணம் அருளியது 12-ஆம் நூற்றாண்டில். ஓவியங்கள் இராசராசர் காலத்தனவாயின், தடுத்தாட்கொண்ட வரலாறு சேக்கிழார்க்கு ஒரு நூற்றாண்டிற்கு முன்னரே அரசர் எடுப்பித்த கோயிலிற் பொறிக்கப்படுமளவு நிலைபெற்றிருந்ததென்பது பெறப்படும். அவை பிற்காலத்தார் பழஞ்சுவரில் தீட்டியவையாயின் அம்முடிபு நில்லாது.

இவ்வையத்தை நீக்குதற்கு இரசாயன ஆராய்ச்சி துணைநின்றது. சென்னை அரசாங்கப் பொருட்காட்சிசாலையில் 1930-ஆம் ஆண்டில் இரசாயன ஆய்வுக்கூடம் அமைந்தது. அதனைச் சார்ந்த எஸ். பரமசிவன் அவர்கள் தஞ்சைச் சாந்தைச் சோதித்து, சோழர் ஓவியம் பசையின் துணையின்றி ஈரச்சாந்தின் மேலேயே தீட்டப்பெற்றதென்று முடிபு கூறினர்.

அதன் இயல்பு வருமாறு: சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டால் கரியமிலவாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். நீர் பெய்தவுடன் அது கொதித்து நீறாகும். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அரைத்துச் சுவரிற் பூசினால், அது காற்றிலுள்ள கரியமிலவாயுவைப் பையப் பைய ஏற்று மீண்டும் கல்லின் தன்மையை அடையும். சாந்து உலருமுன் நீரிற் குழைத்த வண்ணத்தைத் தீட்டினால், சுண்ணம் இறுகுங்கால் வண்ணத்துகள்கள் அதனுள்ளே பிணிப்புண்ணும். ஆகவே இம்முறையில் அமைந்த ஓவியமும் அதனைத் தாங்கும் சாந்தும் ஒரே காலத்தன என்பது ஒருதலை. பழஞ்சாந்தின்மேற் பிற்காலத்தார் தீட்டினர் என்னுங் கொள்கை இதனால் விலகிற்று.

எனினும் சாந்து எக்காலத்தது என்பதைச் சோதனை மட்டும் சொல்லாது. அது கல்லின்மேல் முதலிற் பூசப்பட்ட படையாதலும், நாயக்கர் படைக்கு அடியில் இருத்தலும், உருவங்களின் அமைதி சோழர் படிமங்களோடு ஒத்தலும் கருதலளவைக்கு ஏதுக்களாயின. கோயிலை எடுப்பித்தவர் பெயரும் காலமும் கல்வெட்டாகிய உரையாற் பெறப்பட்டன. மூன்றும் இயைந்தவழியே துணிவு பிறந்தது.

சோதனையின் எல்லையும் அறியத்தக்கது. சாந்துத்துணுக்கை அமிலத்திலிட்டால் சுண்ணம் பொங்கிக் கரையும், மணல் எஞ்சும். எஞ்சியதை நிறுத்துக் கலவையின் அளவைக் கணிப்பர். ஆயின் மணலிற் சிப்பித்துகள் விரவியிருப்பின் அதுவும் உடன் கரைந்து கணக்கைப் பிறழ்விக்கும். கொத்தர் மரபிற் சேர்க்கப்படும் கடுக்காய் நீரும் பனைவெல்லமும் காலப்போக்கிற் சிதைவன. ஆதலின் அவை காணப்படாமை ஒன்றே கொண்டு அவை சேர்க்கப்படவில்லை என்று துணிதல் கூடாது. இது பற்றியே வண்ணம் சாந்தினுட் பதிந்துள்ள நிலையை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குதலும் வேண்டப்படுகின்றது.

இவ்வாராய்ச்சி இக்காலத் திருப்பணிக்கும் வழிகாட்டும். 1824-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்பார் உரிமை பெற்ற போர்ட்லாந்து சிமெண்டின் வழிவந்ததே இக்காலச் சிமெண்டு. அது விரைந்திறுகும், வன்மையும் மிகவுடையது. சுண்ணச்சாந்தோ நுண்டுளைகளையுடையது. சுவரினுட் புகுந்த ஈரம் அத்துளைகளின் வழியே வெளியேறும். பழஞ்சாந்தின்மேற் சிமெண்டைப் பூசினால் ஈரம் எளிதில் வெளியேறாது உள்ளே தங்கும். சிமெண்டிலுள்ள உப்புக்களும் நீரிற் கரைந்து உட்புகுந்து, உலருங்கால் படிகமாகி, மெல்லிய பழஞ்சாந்தைப் பொடியாக்கும். வன்மை மிக்கதே நன்றென்பது இவ்விடத்துப் பொருந்தாது. பழம்பொருளோடு இயைவதே நன்று.

இந்தியத் தொல்லியல் துறையினர் பின்னாளில் தஞ்சையில் நாயக்கர் ஓவியங்களைச் சாந்தோடு பெயர்த்து வேறு பலகைகளிற் பதித்து, இருகாலத்து ஓவியங்களையும் காத்தனர். இஃது இரண்டனுள் ஒன்றையும் அழியவிடாத அறச்செயலாம்.

பழுதுற்ற கோயிலைப் புதுக்குதலைச் சீரணோத்தாரணம் என ஆகமங்கள் சிறப்பிக்கும். அஃது உள்ளதைச் செவ்வனே நிறுத்தலேயன்றி உள்ளதை மறைத்தலன்று. சுவரைச் சுரண்டுமுன், வெள்ளையடிக்குமுன், அதன் சாந்து இன்னதென்று ஒரு துணுக்கைச் சோதித்தறிதல் எளிது. அதனைச் செய்யாது விட்டு, தொண்டர் வரலாறு தாங்கியதொரு சுவரை இழப்பின் மீட்டல் அரிது. திருப்பணிச் செல்வர்கள் கொத்தர்தம் கைமரபையும் ஆய்வுக்கூடத்தின் காட்சியையும் ஒருங்கே துணைக்கொள்வாராக.