நகரப் பயண ஒளிப்படத்தில் சட்டக அமைப்பு

ஊர் சுற்றப் போன இடத்தில் கண்ணில் படும் தெரு, கட்டடம், ஆள், வெளிச்சம் ஆகியவற்றில் எதைப் படத்துக்குள் விடுவது, எதை வெளியே நிறுத்துவது, உள்ளே விட்டதை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும் வேலையே சட்டக அமைப்பு. ஒளிப்படக்காரர்கள் பேச்சில் இது கம்போசிஷன். ஃபிரேம் வைப்பது என்றும் சொல்வார்கள். ஓவியர் வெற்றுத் துணியில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார். நகரத்தில் கேமராவோடு நிற்பவருக்கோ மின்கம்பி, விளம்பரப் பலகை, நிறுத்தி வைத்த ஸ்கூட்டர், குறுக்கே போகும் மனிதர் என்று எல்லாமே கேட்காமல் வந்து நிற்கின்றன. ஆகவே இது பெரும்பாலும் கழித்தல் கணக்கு. கழிப்பதற்குக் கால்தான் முதல் கருவி. லென்ஸ் அதற்குப் பிறகு.

அருகிலுள்ள கடையும் தொலைவிலுள்ள கோபுரமும் ஒன்றுக்கொன்று எந்த அளவில் தெரியும் என்பதை, நாம் நிற்கும் தூரமே முடிவு செய்கிறது. நின்ற இடத்திலிருந்தே ஜூம் செய்தால் அந்த விகிதம் மாறாது, ஓரங்கள்தான் வெட்டுப்படும். கைப்பேசிகளின் முதன்மைக் கேமரா பெரும்பாலும் 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் 24 முதல் 28 மி.மீ. வரையிலான அகலக் கோணம் கொண்டது. அதில் எடுத்தால் தொலைவிலுள்ள கோபுரம் நேரில் கண்டதைவிடச் சிறுத்துப்போய், முன்னால் கிடக்கும் தார்ச் சாலை பாதிப் படத்தை விழுங்கிவிடும். பயண ஆல்பங்களில் அதிகம் காணும் குறை இதுவே. பூக்கூடையோ தேங்கிய மழைநீரோ முன்னால் வரும்படி குனிந்து எடுத்தால் அந்த வெறுமை நிரம்பும். இல்லையென்றால் நூறு அடி பின்னால் போய் டெலி லென்ஸில் எடுக்கலாம். அப்போது முன்னுள்ளவையும் பின்னுள்ளவையும் அடுக்கி வைத்ததுபோல் நெருங்கித் தெரியும்.

உயரமான கட்டடங்கள் வேறு வகைத் தொல்லை. கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் செங்குத்துக் கோடுகள் மேலே போகப்போக நெருங்கி, கட்டடம் பின்னால் விழுவதுபோலத் தோன்றும். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி உயரம். கட்டும்போதே மேலே குறுகிச் செல்வது. அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் அந்தக் குறுகல் இன்னும் கூடி, உச்சிக் கலசங்கள் கடுகாகிவிடும். தெருவின் மறுகோடிக்கோ எதிர்வீட்டு மொட்டைமாடிக்கோ போனால் கேமராவைச் சாய்க்கும் தேவை குறையும். பாரிஸின் பழைய தெருக்களைக் கண்ணாடித் தகடுகளில் பதிந்த யூஜீன் அட்ஜே (1857–1927), கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தினார். அவருடைய பல படங்களில் மேல் மூலைகள் வளைந்து கறுத்திருப்பது அதன் தழும்பு. இன்று மென்பொருளில் நிமிர்த்திவிடலாம். ஆனால் அப்போது ஓரங்கள் வெட்டுப்படும். எடுக்கும்போதே சுற்றிலும் சற்று இடம் விட்டிருக்க வேண்டும்.

எல்லோரும் அறிந்த விதி, படத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை அந்தக் கோடுகளில் வைப்பது. ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் 1797இல் நாட்டுப்புறக் காட்சிகளைத் தீட்டுவது பற்றிய நூலில் இதற்குப் பெயர் சூட்டினார். வானமும் நிலமும் பிரியும் காட்சிக்கு இது நன்றாகவே பொருந்தும். சரிபாதியாக மடிக்கக்கூடிய வளைவு வாசலுக்கோ நீண்ட பிராகாரத்துக்கோ நடுமையமே சரி. அங்கே விதியைப் பிடித்துத் தொங்குவது வீண்.

நகரப் படத்துக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் 1932இல் பிரான்சின் இயேர் நகரில் எடுக்கப்பட்ட ஒரு படத்தில் கிடைக்கிறது. எடுத்தவர் ஆன்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் (1908–2004). சுழன்று இறங்கும் படிக்கட்டும் அதன் இரும்புக் கைப்பிடியும் சட்டகத்தை நிரப்ப, கீழே தெருவில் ஒரு சைக்கிள்காரர் மங்கலாக விரைகிறார். அந்த ஆளை மறைத்துவிட்டுப் பார்த்தாலும் கோடுகள் கட்டுக்கோப்பாகவே நிற்கும். மேடை முதலில், நடிகர் பிறகு என்பதே இதிலுள்ள சூட்சுமம். கார்ட்டியே-பிரெஸ்ஸோன் இளமையில் ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் பயின்றவர் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம். பயணிகள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: சுவாரசியமான முகத்தைத் துரத்திக்கொண்டு ஓடி, அவர் தலையிலிருந்து விளக்குக் கம்பம் முளைத்திருப்பதை அறைக்குத் திரும்பிய பிறகு கவனிப்பார்கள். நல்ல பின்புலம் ஒன்றைப் பிடித்து, நான்கு ஓரங்களையும் ஒருமுறை கண்ணால் சுற்றிப் பார்த்துவிட்டு, பத்து நிமிடம் நின்றால் போதும். தெரு யாரையாவது அனுப்பி வைக்கும்.

கழித்தல் கணக்குக்கு அடங்காதவரும் உண்டு. ஜெய்ப்பூரில் பிறந்த ரகுபீர் சிங் (1942–1999) இந்திய நகரங்களின் நெரிசலை ஒதுக்காமல் வண்ணத்தில் அள்ளிக்கொண்டார். காசி, கல்கத்தா, பம்பாய் மட்டுமன்றித் தமிழ்நாட்டைப் பற்றியும் தனி நூல் வெளியிட்டவர். ஹௌராவின் நடைபாதைக் கண்ணாடிக் கடையை 1991இல் எடுத்த படத்தில், விற்பனைக்கு வைத்த கண்ணாடிகளில் தெருவே துண்டு துண்டாகத் தெரிகிறது. அவர் மறைவுக்குப் பின் 2002இல் வந்த நூலில் அம்பாசிடர் காரின் கதவும் ஜன்னலும் படத்தைப் பாகம் பிரித்துக் கொடுக்கின்றன. கூட்டம் குழப்பமாகாமல் இருக்க இப்படி உட்சட்டகங்கள் உதவும். ஒருவர்மேல் ஒருவர் ஒட்டாமல் இடையில் மெல்லிய வெளி தெரிவதும் முக்கியம். அதற்கு அரையடி நகர்ந்தாலே போதும்.

வெளிச்சமும் கழித்துக் கொடுக்கும். ஹாங்காங்கின் ஃபான் ஹோ (1931–2016) சாய்வெயிலில் நீளும் நிழல்களைக் கொண்டே சந்துகளின் இரைச்சலை அடக்கினார். 1954இல் எடுத்த புகழ்பெற்ற படத்தில் சுவர்மேல் விழும் முக்கோண நிழல், பின்னர் இருட்டறையில் சேர்த்தது. இன்னொரு வழி, ஷட்டரை நெடுநேரம் திறந்து வைப்பது. ஒளிப்பட முன்னோடி டாகேர் 1838இல் பாரிஸ் தெரு ஒன்றைப் பதிந்தபோது சில நிமிடங்கள் ஆனதால் போக்குவரத்து முழுவதும் அழிந்து, காலணிக்குப் பாலீஷ் போடக் கொடுத்து அசையாமல் நின்றவரின் உருவம் மட்டும் தெளிவாக எஞ்சியது. இன்று முக்காலியும் வெளிச்சத்தைக் குறைக்கும் கருமையான என்.டி. ஃபில்டரும் இருந்தால் பகலிலேயே சந்தடியைக் கரைக்கலாம்.

எங்கே நிற்கலாம் என்பதை எல்லா இடத்திலும் நாமே முடிவு செய்ய முடியாது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களில் முக்காலி வைக்க முன் அனுமதி வேண்டும். கியோட்டோவின் கியோன் பகுதியில், கெய்ஷாக்களைப் பயணிகள் துரத்திப் படமெடுத்ததன் விளைவாக, தனியார் சந்துகளில் 2019 முதல் படமெடுக்கத் தடை. மீறினால் 10,000 யென் வரை அபராதம் என்று பலகை வைத்திருக்கிறார்கள்.