மன்னார் முத்தும் ஆராய்ச்சியாளரின் நலத்தொடர்பும்

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு தொன்மை வாய்ந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில், குளிப்புத் தொடங்குமுன் பார்களிலிருந்து சிப்பிகள் மாதிரிக்காக எடுக்கப்படும். அவற்றின் முத்துக்கள் மதிப்பிடப்பட்டு, அம்மதிப்பு வணிகர்க்கு அறிவிக்கப்படும். மதிப்பை அறிவித்த அரசே தன் பங்குச் சிப்பிகளை ஏலத்தில் விற்றது. ஆதாயம் பெறுவோர் தரும் சான்றினை எவ்வளவு நம்பலாம் என்னும் வினா, ஆகவே, அக்கடற்கரைக்குப் புதியதன்று. மருத்துவ ஆராய்ச்சியுலகில் இன்று பெரிதும் பேசப்படும் வினாவும் அதுவே.

1902ஆம் ஆண்டில் லிவர்ப்பூல் விலங்கியற் பேராசிரியர் ஹேர்ட்மன், இலங்கை அரசின் வேண்டுகோட்கிணங்க முத்துப்பார்களை ஆராய வந்தார். ஜேம்ஸ் ஹோர்னெல் அவர்க்குத் துணைநின்றார். அவ்வாராய்ச்சி 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. அது இலங்கை அரசுக்கு அளிக்கப்பட்ட அறிக்கை என்பது தலைப்பிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. சிப்பியினுட் புகும் நாடாப்புழுவின் குடம்பியைச் சூழ்ந்தே நன்முத்துத் தோன்றுகின்றது என்பது அதிற் கண்ட கொள்கை.

1905ஆம் ஆண்டுக் குளிப்பு அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா ஈட்டித் தந்தது. மறு ஆண்டே பார்கள், ஆண்டுக்கு 3,10,000 ரூபாவாக இருபது ஆண்டுக்கு, இலண்டன் கம்பெனியொன்றுக்குக் குத்தகையாயின. அக்கம்பெனியின் அறிவியல் ஆலோசகராகிய சவுத்வெல் என்பார் புழுக்கொள்கையை மேலும் வளர்த்தெழுதினார். அவர் வகித்த பதவியும் மறைபொருளன்று. ஆயினும், 1907இன் பின் பார்களிற் சிப்பி அருகியது. குத்தகைக் காலம் முடியுமுன்னரே கம்பெனி கலைந்தது.

1912இல் லிஸ்டர் ஜேம்சன் முத்துக்களை அறுத்து நுணுக்குக்காட்டியால் நோக்கி, புழுக்கொள்கையை மறுத்தார். அவரும் பற்றற்றவர் அல்லர். வேறோரினச் சிப்பியின் முத்துப்பற்றி 1902இலேயே தமக்கென ஒரு கொள்கையை நிறுவியவர். பணம் மட்டுமன்று, சொந்தக் கருத்தின்மேற் கொண்ட பற்றும் நலத்தொடர்பேயாம். எனினும், அவர் கண்டதைப் பிறரும் கண்டு சோதிக்க இயன்றது. மேலங்கிக் கலங்கள் அமைக்கும் முத்துப்பையினுள்ளேயே முத்து வளர்கின்றது என்பது இன்று துணியப்பட்ட உண்மை.

மருத்துவத்திலோ, நலத்தொடர்பு வெளிப்படாத காலமும் இருந்தது. சர்க்கரைக்கும் இதயநோய்க்கும் உள்ள தொடர்பைக் குறைத்துக்காட்டிய கட்டுரையொன்று 1967இல் புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்தது. அதற்குச் சர்க்கரைத் தொழிலார் பணம் அளித்தமை 2016இலேயே அம்பலமாயிற்று. அவ்விதழ் 1984 முதல் நலத்தொடர்பை அறிவிக்குமாறு கோரலாயிற்று. 2010இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டத்தின்படி, மருந்துக் கம்பெனிகள் மருத்துவர்க்கு அளிக்கும் தொகைகள் பொதுப் பதிவேட்டில் இடம்பெறுகின்றன. ஆசிரியர்தம் அறிவிப்புக்களை அப்பதிவேட்டோடு ஒப்புநோக்கியோர், அறிவிக்கப்படாத தொகைகள் பலவற்றைக் கண்டனர்.

இவற்றால் அறியத்தக்கன இரண்டு. தானே கூறும் அறிவிப்பைப் பிறிதோர் ஏட்டோடு ஒத்துப் பார்த்தல் வேண்டும் என்பது ஒன்று. அறிவிப்பு மெய்யாயினும், அதனால் முடிவு மெய்யாகிவிடாது என்பது மற்றொன்று. மன்னாரில் அரசின் பெயரும் கம்பெனியின் பெயரும் ஒளிக்கப்படவில்லை. கொள்கை மட்டும் பிழைத்தது. நலத்தொடர்பை அறிவித்தல் படிப்போரை எச்சரிக்கும். சான்றைச் சோதிக்கும் கடமையிலிருந்து அவரை விடுவியாது. முத்திற் பிழைத்தால் நட்டம் பொருளளவில் நின்றுவிடும். மருந்திற் பிழைத்தால் உயிரே விலையாகும் என்பதை மாணாக்கர் மறத்தலாகாது.