கைநாட்டு திரும்பி வந்த காலம்

பிழைப்பைத் தேடிப் பட்டணத்துக்கோ அக்கரைச் சீமைக்கோ போன பிள்ளை, ஊரோடு தங்கிவிட்ட வயதான தாய் தகப்பனை மாதந்தோறும் எவ்விதம் போஷித்தான் என்பதை அறிய விரும்புகிறவர்கள், சட்டப் புத்தகங்களைப் புரட்டுவதற்கு முன்னால், மணியார்டர் என்ற ஒரு சிறு காகிதத்தின் சரித்திரத்தைப் படிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

1880இல்தான் நம் தேசத்துத் தபால் இலாகா பணவிடை அனுப்பும் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் அந்தக் காரியம் சர்க்கார் கஜானாக்களின் வழியாக நடந்துவந்தது; கஜானா இருந்த ஊர்களோ சொற்பம். பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தாரின் உண்டியல் என்ற பணமாற்றுச் சீட்டு, வியாபாரிகளுக்கு எட்டிய அளவு கூலிக்காரனுக்கு எட்டவில்லை. ஊர் திரும்பும் யாராவது ஒரு தெரிந்த மனிதரிடம் முடிச்சாகக் கொடுத்தனுப்பிவிட்டு, அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமலே அடுத்த மாதமும் வயிற்றைக் கட்டிச் சேமித்தவர்கள் எத்தனை பேரோ! தபாலாபீஸ் அந்த வேலையை எடுத்துக்கொண்ட பின்னர், கஜானாவைக் கண்ணால் பாராத கிழவியின் வாசற்படிக்கே பணம் நடந்து வந்தது.

அந்தக் காகிதத்தின் அமைப்பிலேயே ஒரு தர்மம் இருந்ததாக எனக்குத் தோன்றுவதுண்டு. தொகையையும் விலாசத்தையும் எழுதும் பாகம் ஒன்று. பெறுகிறவர் கிழித்து வைத்துக்கொள்ளும் கூப்பன் ஒன்று, அதில் நாலு வரி க்ஷேமம் எழுதலாம். மூன்றாவது, பணம் பெற்றதற்கு அத்தாட்சியாகக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, அனுப்பியவனுக்கே திருப்பி அனுப்பப்படும் ரசீது.

நான் சிறுவனாக அப்பத்தாவோடு ஊரில் இருந்த நாட்களில், மாதத்தின் முதல் வாரம் பிறந்துவிட்டால் திண்ணையை விட்டு அவள் நகரமாட்டாள். தபால்காரர் சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு, காக்கிப் பையிலிருந்து மைப்பெட்டியை எடுப்பார். சாட்சிக் கையெழுத்துக்காக எதிர்வீட்டு வாத்தியாரை ஓடிப்போய் அழைத்து வருவது என் வேலை. அப்பத்தா இடது கைப் பெருவிரலை முந்தானையில் இரண்டு முறை துடைத்து, மையில் ஒற்றி, காகிதத்தின் மேல் வைத்து அழுத்தி எடுத்த பிறகு, நோட்டுகளைத் தானே இன்னொரு தரம் எண்ணிச் சுருக்குப் பையில் போட்டு முடிவாள். கூப்பனில் என் தகப்பனார் எழுதியிருந்ததை வாத்தியார் உரக்கப் படிப்பார். எல்லா மாதமும் ஏறக்குறைய ஒரே வாசகந்தான் என்றாலும், எல்லா மாதமும் அவள் இரண்டு தடவை படிக்கச் சொல்வாள்.

முதுமையின் கஷ்டங்களில் பசியைவிடக் கொடியது கையேந்தி நிற்பது. ஒரு வெற்றிலைக் கட்டுக்கும், பேரனுக்கு வாங்கும் ஒரு முறுக்குக்கும், கோயில் உண்டியலில் போடும் ஒரு காசுக்கும்கூடப் பிறர் முகத்தைப் பார்த்து நிற்க நேர்ந்தால், நேற்றுவரை அந்தக் குடும்பத்தை ஆண்ட மனம் என்ன பாடுபடும்! மணியார்டர் மூத்த மகன் பேருக்கோ மருமகள் பேருக்கோ வராமல், அப்பத்தாவின் பேருக்கே வந்து, அவள் கையிலேயே எண்ணிக் கொடுக்கப்பட்டதனால், வீட்டில் அவள் வார்த்தைக்கு ஒரு கனம் நிலைத்தது. பணத்தை அனுப்பியதோடு கடமை தீர்ந்தது என்று வருஷக்கணக்கில் ஊர்ப்பக்கமே எட்டிப் பாராத பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதை நான் மறைக்கவில்லை.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் வசமானபோது, அக்கரைத் தபால் நின்றது. கடல் தாண்டிய பிள்ளைகளின் பணத்தை நம்பியிருந்த ராமநாதபுரம், தஞ்சாவூர் ஜில்லாக் கிராமங்களில், 1945இல் யுத்தம் முடியும் வரையில், பெற்றவர்கள் இழந்தது வருமானத்தை மட்டுமன்று. பிள்ளை உயிரோடிருக்கிறான் என்பதற்கு இருந்த ஒரே அடையாளத்தையும் இழந்தார்கள்.

சட்டம் வெகுகாலம் பின்தங்கியே வந்தது. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் மனைவிக்கும் மக்களுக்கும் ஜீவனாம்சம் வாங்கித் தந்ததே தவிர, பெற்றோரைப் பற்றி வாய் திறக்கவில்லை. 1973இல் புதிய சட்டம் வந்தபோதுதான் அவர்களும் அதில் இடம்பெற்றார்கள். இதற்கு முன்பே, 1956ஆம் ஆண்டின் இந்து தத்து மற்றும் ஜீவனாம்சச் சட்டம், முதிய பெற்றோரைக் காப்பது மகனுக்கு மட்டுமன்றி மகளுக்கும் உரிய கடமை என்று சொல்லியிருந்தது. பிள்ளையே இல்லாதவர்களுக்கு அரசாங்கமே பிள்ளையாக வேண்டும் என்ற எண்ணம் சென்னை ராஜ்யத்தில் 1962 ஏப்ரலில் மாதம் 20 ரூபாய் முதியோர் உதவித்தொகையாக உருவெடுத்தது. நாளடைவில் ஜனங்கள் 'ஓஏபி பணம்' என்று பெயர் வைத்துக்கொண்ட அந்தத் தொகையும் நெடுங்காலம் மணியார்டராகவே வந்ததை நான் விசேஷமாகக் கருதுகிறேன். நாதியற்ற கிழவரையும் மாதம் ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட ஒருவர் படியேறி வந்தார் அல்லவா?

2008இல் மின்னணு மணியார்டர் வந்தது. 2015இல் பழைய காகித முறை அடியோடு நின்றது. இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய் கமிஷன் கட்டிய காலம் போய், இன்று செல்போனில் நொடியில் பணம் போய்விடுகிறது. இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆயினும், ஆயுள் முழுவதும் களை பறித்தும் பாத்திரம் துலக்கியும் ரேகை தேய்ந்துபோன விரலை, உதவித்தொகை கொடுக்கும் இயந்திரத்தின் மேல் மறுபடி மறுபடி வைத்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வாங்க பாட்டி" என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு வெயிலில் திரும்பி நடக்கும் முதியவர்களைக் காணும்போது நெஞ்சு வேகிறது. அந்த விரலைத் தபால்காரர் தம் கையால் பிடித்து மையில் ஒற்றியிருப்பார்.

என் தகப்பனார் திரும்பி வந்த ரசீதுகளை மாதவாரியாக நூலில் கோத்துத் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். பட்டணத்தில் அவரோடு இருந்து நான் படித்த நாட்களில், ரசீது வந்ததும் அதை ஜன்னலருகே வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஆரம்ப ரசீதுகளில் ரேகைகள் ஒவ்வொன்றும் தெளிவாக, வட்டம் வட்டமாக இருக்கும். போகப் போக அவை சாய்ந்தும் மங்கியும் வந்தன. ஒரு மாதம் வந்த ரசீதில் ரேகையே தெரியாமல், விரல் இழுத்துக்கொண்டு போன மைக்கறை ஒன்று கோடாக நீண்டிருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, என்னையும் அழைத்துக்கொண்டு அன்றிரவே ரயிலேறினார். மறுநாள் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பத்தா காய்ச்சலில் கட்டிலோடு கிடந்தாள். தகப்பனாரின் கையைத் தடவிப் பார்த்து, "இந்த மாசப் பணந்தான் வந்துருச்சேய்யா, நீ எதுக்கு இம்புட்டுத் தொலவு அலைஞ்ச?" என்றாள்.