கரிசலில் ஒரு பச்சைத் தரை

மே மாசம் கரிசல் மண் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். அப்போதுதான் கோவில்பட்டி கிருஷ்ணா நகர் மைதானத்தில் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடக்கும். ரயில்வே, வங்கி, கடற்படை என்று, ஹாக்கி ஆடுவதற்காகவே வேலை கொடுக்கும் நிறுவனங்களின் அணிகள் வரும். முதலில் பிரிவு பிரிவாக லீக். தேறினவர்களுக்குக் காலிறுதி, அரையிறுதி, இறுதி. எனக்கு லீக்தான் பிடிக்கும். தோற்றவனுக்கும் இன்னொரு ஆட்டம் மிச்சமிருக்கும்.

இந்த ஊர் ஹாக்கி மண் தரையில் வளர்ந்தது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரை போட்டார்கள். அதுவரை 7 தங்கம் வாங்கியிருந்த இந்தியா 7ஆம் இடத்துக்கு இறங்கியது. மண்ணில் பந்து துள்ளும், நிறுத்தி ஆடணும். செயற்கைத் தரையில் வழுக்கிக்கிட்டு ஓடும், கூடவே ஓடணும். மண்ணில் மட்டுமே பழகினவன் பாடு திண்டாட்டம்தான்.

சிக்கல் என்னன்னா, ஆட்டத்துக்கு முன்னாடி அந்தத் தரைக்குத் தண்ணி தெளிக்கணும். குடிதண்ணிக்குக் குடத்தை வரிசையில் வைக்கிற ஊர்ல! ஆடம்பரம்னு சொல்றவங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 2022 ஆசியக் கோப்பையில் இந்தியா வெண்கலம் வென்றபோது அணியில் இருந்த மாரீஸ்வரன் சக்திவேல் கோவில்பட்டிக்காரர். கூட ஆடிய கார்த்தி செல்வத்துக்கு ஊர் அரியலூர். பழகினது கோவில்பட்டி விளையாட்டு விடுதியில்.