தொங்கும் கதவும் ஏ போர்ட்டிக் காரும்

யாழ்ப்பாணத்து வாடகைக் கார் என்றால் நம்மில் பலருக்கு ஒஸ்ரின் ஏ40 தான் நினைவில் வரும். அதில் சோமர்செற் வகை இங்கிலாந்தில் 1952 முதல் 1954 வரை மட்டுமே தயாரானது. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது அந்தக் கார்கள் நாற்பது வயதை நெருங்கிவிட்டன. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய கதை எல்லோருக்கும் தெரியும். கதவின் கதையை யாரும் சொல்வதில்லை.

சாரதியின் பக்கக் கதவுதான் முதலில் தொங்கும். திறந்து மூடித் திறந்து மூடிப் பிணைச்சல் ஆணி தேய, அதன் துளையும் அகன்றுவிடும். பூட்டுப் பக்கம் கீழே சரிந்து கொளுவாது. கயிற்றால் கட்டியும் ஓடலாம்தான். இரவில் பிள்ளைப்பேற்றுக்கு ஒருத்தியை ஏற்றிக்கொண்டு குண்டும் குழியுமான வீதியில் போகும்போது அந்தக் கயிற்றை யார் நம்புவது?

பலர் பூட்டைத்தான் தட்டி நகர்த்துவார்கள். வீண் வேலை. கதவைத் திறந்து நுனியைத் தூக்கிப் பார்த்தால் ஆட்டம் பிணைச்சலில் என்பது தெரிந்துவிடும். துளையைச் சற்றுப் பெருப்பித்து, அதற்கேற்ற தடித்த ஆணியை லேத்தில் கடைந்து இறுக்க வேண்டும். உதிரிப்பாகம் கப்பலில் வரத் தேவையில்லை, ஓர் இரும்புத் துண்டு போதும். மின்சாரம் இல்லாத ஊரில் லேத் சுழல ஜெனரேற்றர் வேண்டும். அதற்கும் அதே மண்ணெண்ணெய்தான்.

2002இல் ஏ9 பாதை திறந்தபோதும் அந்தக் கார்கள் யாழ்ப்பாண வீதிகளில் ஓடிக்கொண்டிருந்தன.