குதிரைத் துறையும் கால்நடை அறிவியல் கல்வியும்

தமிழ்நாட்டில் குதிரைக்கென்று தனி இளநிலைப் பட்டம் கிடையாது. குதிரைப் பண்ணை, பந்தயம், காவல்துறைக் குதிரைப்படை, ராணுவம், பாம்புக்கடி மருந்து உற்பத்தி ஆகியவற்றில் கால்நடை வல்லுநராகப் பணிபுரிய விரும்புவோர் கால்நடை மருத்துவம் மற்றும் பராமரிப்பு இளநிலைப் பட்டத்தையே (பி.வி.எஸ்சி. அண்டு ஏ.எச்.) படிக்கின்றனர். தீவனம், இனப்பெருக்கம், மரபியல், பண்ணை மேலாண்மை ஆகியவை பல வெளிநாடுகளில் விலங்கு அறிவியல் என்ற தனிப் பட்டமாகக் கற்பிக்கப்படுகின்றன. இங்கு அவை மருத்துவத்தோடு ஒரே படிப்பில் அடங்கிவிடுகின்றன.

இக்கல்வியின் தொடக்க காலத்தில் குதிரைக்கு இருந்த மதிப்பு வேறு. ஓசூர் கால்நடைப் பண்ணையே 1824-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கியதுதான். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கிப் பின்னர் வேப்பேரிக்கு இடம்பெயர்ந்தது. அப்போது நகரப் போக்குவரத்தில் குதிரை வண்டிகளுக்குப் பெரிய பங்கு இருந்தது. மோட்டார் வண்டி பெருகியபின் கறவை மாடு பாடத்திட்டத்தின் நடுவிடத்தைப் பிடித்துக்கொண்டது. 1989-இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானபோது குதிரை ஓர் ஓரப் பாடமாகிவிட்டிருந்தது. நாட்டில் 2012-இல் சுமார் 6.25 லட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 3.4 லட்சமாகக் குறைந்தன.

பட்டப்படிப்பு உள்ளிருப்புப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் மாநில இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தும், அகில இந்திய ஒதுக்கீடான 15 விழுக்காடு நீட் தேர்வை வைத்தும் நிரப்பப்படுகின்றன. விழுப்புரம்–புதுச்சேரி சாலையிலுள்ள கண்டமங்கலம் வட்டார மாணவருக்கு மிக அருகிலுள்ள கல்லூரி புதுச்சேரி குரும்பாபேட்டில் இருக்கும் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம். ஆனால் மாநில எல்லை குறுக்கே நிற்பதால் புதுச்சேரிவாசிகளுக்குரிய இடங்களில் அவர் சேர முடியாது. சென்னை, நாமக்கல், ஒரத்தநாடு எனத் தொலைவிலுள்ள கல்லூரிகளைத்தான் நாட வேண்டும். வட்டாரத்தில் கைப்பழக்கத்துக்கும் குதிரை அரிது. இங்கு கண்ணில் படும் குதிரை பெரும்பாலும் ஐயனார் கோயிலின் சுடுமண் குதிரைதான்.

உடற்கூறியல் வகுப்பில் மாடே மாதிரி உயிரினம். குதிரை அதனோடு ஒப்பிட்டுக் கற்பிக்கப்படுகிறது. மாட்டைப் படித்த பழக்கத்தில் குதிரையை அணுகினால் தவறு நேரும். குதிரை அசைபோடாது, நாரைச் செரிக்கும் நொதித்தல் அதன் பெருங்குடல் பகுதியில் நிகழ்கிறது. குதிரையால் வாந்தி எடுக்கவும் இயலாது. கொள்ளு முதலான தானியத்தைத் திடீரென அதிகமாக வைத்தால் வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் வரும்; இரண்டும் உயிரைப் பறிக்கக்கூடியவை. கறவை மாடு ஆண்டு முழுதும் சினைப்பருவத்துக்கு வரும். பெட்டைக் குதிரையோ பகல் நீளும் காலத்தில்தான் வரும். சினைக்காலம் சுமார் பதினொரு மாதம். மாட்டுக்குச் செயற்கைக் கருவூட்டல் அன்றாட வேலை. பந்தயத்துக்கான தரோபிரெட் குட்டியோ இயற்கை இணைச்சேர்க்கையில் பிறந்தால்தான் பதிவு செய்யப்படும். மார்வாரி, காத்தியவாரி போன்ற நாட்டினங்களுக்கு இத்தடை இல்லை. 1985-இல் தொடங்கிய ஹிசார் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் அவற்றில் உறைவிந்து, கருமாற்று நுட்பங்களைக் கையாள்கிறது. கிளாண்டர்ஸ், குதிரை இன்ஃபுளுயன்சா போன்ற நோய்களின் கண்காணிப்பும் இம்மையத்தின் பொறுப்பு. கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும் என்பதால் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று.

இளநிலைக்குப்பின் இரண்டாண்டு முதுநிலையில் அறுவை மருத்துவம், கால்நடை இனப்பெருக்கம், தீவனவியல் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, ஆய்வுப் பொருளைக் குதிரை சார்ந்ததாக அமைத்துக்கொள்வதே நடைமுறை வழி. பந்தயத் தளங்களிலும் பண்ணைகளிலும் அனுபவமுள்ள மருத்துவரின் கீழ் பணிபுரியாமல் வெறும் பட்டத்தோடு நுழைவது கடினம். லாடம் கட்டுதல், லாயப் பராமரிப்பு, பயிற்றுவித்தல் போன்றவற்றுக்குப் பட்டமே தேவையில்லை. அவை பழகிக் கற்கும் தொழில்கள்.

வேலைக்களங்களில் பந்தயம் நன்கு அறியப்பட்டதாயினும் நிலையற்றது. தமிழ்நாட்டில் அதைத் தடைசெய்த 1974-ஆம் ஆண்டுச் சட்டம் தொடர்பான வழக்கில், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. எனினும் 2024-இல் ஊட்டிப் பந்தயத் திடலையும் கிண்டித் திடலையும் குறித்து அரசு நடவடிக்கை எடுத்தது. கிண்டி நிலத்தின் குத்தகை ரத்தானது.

பாம்புக்கடி மருந்து உற்பத்தி அதனினும் உறுதியான களம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சைச் சிறிதுசிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியில் உருவாகும் எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்தெடுக்கின்றனர். நஞ்சு எடுப்பதில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும்பங்குண்டு. குருதி எடுக்கும் அளவு, இடைவெளி, குதிரையின் நலம் ஆகியவற்றைக் கவனிப்பது கால்நடை மருத்துவரின் பணி.

ராணுவத்தின் குதிரை மற்றும் கால்நடைப் படைப்பிரிவு கால்நடை மருத்துவப் பட்டதாரிகளை அதிகாரிகளாகச் சேர்க்கிறது. அதன் பயிற்சி மையம் மீரட்டில் உள்ளது. வெளிநாட்டில் விலங்கு அறிவியல் பட்டம் மட்டும் பெற்று வருவோர் பண்ணை மேலாண்மையிலும் தீவன நிறுவனங்களிலும் சேரலாம். மருத்துவம் பார்க்க 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி பதிவு வேண்டும். விலங்கு அறிவியல் பட்டத்துக்கு அந்தத் தகுதி இல்லை.