பெயர் வைப்பது யார்?

1994இல் 'மிக்ஸ்மேக்' என்ற ஆங்கில இசைப் பத்திரிகை 'ட்ரிப் ஹாப்' என்றொரு சொல்லை அச்சிட்டது. பிரிஸ்டல் நகரத்தின் மெதுவான, இருண்ட இசைக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அதை ஏற்க மறுத்தவர்களில் இசைத் தயாரிப்பாளர் ட்ரிக்கியும் ஒருவர். அந்த மறுப்பைப் புரிந்துகொள்ள அவருடைய ஊரின் வரலாறு தெரிய வேண்டும், தோழர்களே.

பிரிஸ்டல், அடிமை வணிகத்தில் கொழுத்த துறைமுகம். 1698 முதல் 1807 வரை அதன் கப்பல்கள் ஏறத்தாழ 5 லட்சம் ஆப்பிரிக்கர்களைக் கடல் கடந்து விற்கக் கொண்டுபோயின. ஜமைக்கா போன்ற தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அவர்கள் உழைத்து மடிந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவர்களுடைய சந்ததியினர் வேலை தேடி அதே பிரிஸ்டலுக்கு வந்தார்கள். நகரப் பேருந்துகளில் ஓட்டுநர், நடத்துநர் வேலை அவர்களுக்குத் தரப்படவில்லை. 1963இல் நான்கு மாதம் பேருந்துகளைப் புறக்கணித்துத்தான் அந்தத் தடையை உடைத்தார்கள். 1980 ஏப்ரலில் செயிண்ட் பால்ஸ் பகுதியில் போலீஸ் சோதனைக்கு எதிராக மக்கள் கொதித்தெழுந்தார்கள்.

ட்ரிக்கி 1968இல் பிறந்தவர். தந்தை ஜமைக்காக்காரர். தாய் மாக்சின் குவே, மகனுக்கு நான்கு வயதானபோது தற்கொலை செய்துகொண்டார். தாயின் பெயரையே சூட்டி 1995இல் 'மாக்சின்குவே' என்ற முதல் தொகுப்பை வெளியிட்டார். பிரிட்டிஷ் பட்டியலில் மூன்றாம் இடம். ஆனால் வசதியான வீடுகளின் விருந்து மேசைக்குப் பின்னணி இசையாக அது மாறிப்போனது. துக்கம் அலங்காரமானது.

அதற்கு அவர் தந்த பதில், 1996 நவம்பரில் ட்ரிக்கி என்ற பெயரில் வந்த இரண்டாவது தொகுப்பு: 'ப்ரீ-மில்லேனியம் டென்ஷன்'. தன் முன்னோர் அடிமைப்பட்டிருந்த ஜமைக்காவுக்கே போய்ப் பதிவு செய்தார். முதல் தொகுப்பில் மார்டினா டாப்லி-பேர்டின் இனிய குரலே முன்னால் நின்றது. இதில் ட்ரிக்கியின் மூச்சிரைக்கும் கரகரப்பு முன்னுக்கு வந்தது. 1988இல் ரக்கீம் பாடிய 'லிரிக்ஸ் ஆஃப் ஃப்யூரி' என்ற ராப்பை மார்டினாவைப் பாடவைத்தார். ஆண்களுடையது என்று நினைக்கப்பட்ட கோபம் ஒரு பெண்ணின் வாயில் வேறு பொருள் பெற்றது. விருந்து மேசையில் ஓடவிட முடியாத இசை இது.

அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டனின் பெயரைப் பள்ளிக்கும் தெருவுக்கும் இசை அரங்குக்கும் வைத்திருந்த நகரம் அது. 2020 ஜூன் 7 அன்று அவருடைய சிலையை மக்கள் பெயர்த்துத் துறைமுக நீரில் தள்ளினார்கள். அதே ஆண்டு அரங்கின் பெயரும் மாறியது. ட்ரிக்கியின் தொகுப்போ இன்றும் 'ட்ரிப் ஹாப்' பட்டியலில்தான் கிடக்கிறது. அந்தப் பெயரைத் தள்ளிவைத்துவிட்டு ஒருமுறை கேளுங்கள்.